கராஜுக்குள் இருந்த இரண்டாவது சுவிச்

எனக்குக் கோபம் வரும். அதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஆரும் வந்து "அருள்மலர், உனக்கு வாய் கூட" எண்டு புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரிச் சொல்லத் தேவையில்லை. அம்மா சொன்னவ, மனுசன் சொல்லுறார், மாதா கோயில் சுவாமியும் ஒருக்காச் சொன்னவர். வயரிங் வேலை செய்யிற பொம்பிளைக்குக் கோபம் இல்லாட்டி இந்தத் திருகோணமலையில ஒரு பல்ப்பும் மாட்டி முடிக்க ஏலாது. பதினொரு வருசமா வீடு வீடா ஏறி இறங்குறன். நான் கேற்றடியில போய் நிண்டா, எனக்குப் பின்னால எட்டிப் பார்த்து "வயர்மன் எங்கை பிள்ளை?" எண்டு கேட்காத வீடு குறைவு.

ஆனா அந்தக் கோபம் ஒருநாள் என்ர மனுசன்ர உயிரில போய் நிண்டது.

உவர்மலையில இரத்தினசிங்கம் சேர் வீடு. துறைமுகத்தில போர்மனா இருந்து பென்சன் எடுத்தவர். அவற்ற மனுசி கமலேஸ்வரி அன்ரி றோல்ஸ், பற்றிஸ் செய்து உறைய வைச்சுக் கடையளுக்குக் குடுக்கிறவ. காரை வித்த பிறகு கராஜ் சும்மா கிடந்ததால அதுக்குள்ள ரெண்டு பெரிய பிறீசர் வைச்சிருந்தினம். குசினி ஜன்னலுக்குள்ளால இழுத்த ஒரு நீட்டு வயரிலதான் ரெண்டும் ஓடினது. மழை ஈரத்துக்கு வீட்டு ட்ரிப் சுவிச் டக்கெண்டு விழும், பிறீசரும் நிண்டுபோம். ஆரும் கவனிக்காட்டி அவ்வளவு றோல்சும் களி. "கராஜுக்குள்ள நாலு பிளக் பொயின்ற் போட்டுத் தாரும் பிள்ளை, வீட்டில எது விழுந்தாலும் அது விழக் கூடாது" எண்டு அன்ரி கேட்டா.

நியாயமான கேள்விதானே. நான் என்ன செய்தனான் எண்டா, கராஜை வீட்டு மெயின் சுவிச்சில மாட்டேல்லை. மீற்றரடியிலயே லைனைப் பிரிச்சு, கராஜுக்கெண்டு தனிய ஒரு வயர் கொண்டுபோய், அதுக்கு வேற மெயின் சுவிச், வேற ட்ரிப் வைச்சனான். கராஜ் கதவுக்குப் பின்னால, உள்பக்கமா. விளங்கிச்சோ? வீட்டு மெயினை ஓவ் பண்ணினா வீடுதான் இருளும், கராஜ் இருளாது. கராஜுக்குச் சுவிச் வேற. இதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ, மிச்சக் கதை முழுக்க இதிலதான் கிடக்கு.

ரெண்டு நாள் வேலை. ரெண்டு நாளும் சேர் கையைப் பின்னால கட்டிக்கொண்டு என்ர முதுகடியிலயே நிண்டார். "அந்தப் பைப் நேராப் போகுதோ?" "அந்த ஆணி காணுமோ?" பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓம் சேர், காணும் சேர் எண்டு சொல்லிச் சொல்லிச் செய்தன். கடைசிப் பிளக்குக்கு மூடி போடேக்க சேர் சொன்னார்:

"குறை நினைக்காதையும் பிள்ளை. ஆம்பிளை வயர்மன் ஒருத்தரைக் கொண்டு ஒருக்காப் பார்ப்பிச்சுப்போட்டுப் பாவிப்பம். கரண்ட் எண்டா விளையாட்டில்லைத்தானே."

எனக்கு ரத்தம் தலைக்கேறிச்சுது. ரெண்டு நாள் பைப் அடிச்சது விளையாட்டோ? கூரைக்குள்ள ஊர்ந்து ஒட்டறை திண்டது விளையாட்டோ?

வேலை முடிஞ்சா எனக்கொரு பழக்கம் இருக்கு. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு சுவிச்சையும் அவையின்ர கையாலயே ஓவ் பண்ணி ஓன் பண்ண வைப்பன். எது எதுக்கு எண்டு மாக்கர் பேனையால மேல எழுதிவிடுவன். அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி. அண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை. கராஜ் மெயினை ஓன் பண்ணி, பிறீசர் ரெண்டும் இரையுது எண்டு மட்டும் பார்த்தன். "அப்ப உங்கட ஆம்பிளையைக் கூப்பிட்டு விளக்கத்தையும் கேளுங்கோ சேர்" எண்டு சொல்லிப்போட்டு, சாமானைப் பையுக்குள்ள அள்ளிப் போட்டுக்கொண்டு, அன்ரி நீட்டின தேத்தண்ணியையும் தொடாமல், கேற்றை அடிச்சுச் சாத்திப்போட்டு வந்தனான். மாக்கர் பேனை பையின்ர பக்கப் பொக்கற்றிலதான் இருந்தது.

பின்னேரம் மெல்ரோயிட்டச் சொல்லிச் சொல்லித் திட்டினன். மெல்ரோய் என்ர மனுசன். கரண்ட் போஸ்ற்றில ஏறி லைன் திருத்துறதுதான் அவருக்கு வேலை. வயிறு குலுங்கச் சிரிச்சார். "உன்ர வேலையில பிழை பிடிக்க ஒருத்தன் இனித்தான் பிறக்க வேணும். விடு மலர்" எண்டார். எனக்கும் கொஞ்சம் ஆறிச்சுது. அதோட சேரையும் மறந்தன், அந்தச் சுவிச்சையும் மறந்தன்.

மூண்டு கிழமையால புயல் வந்தது. ஊரில பாதி மரம் றோட்டில. ரெண்டு நாளாக் கரண்ட் இல்லை, போனுக்குச் சிக்னல் வந்து வந்து போகுது. மூண்டாம் நாள் காலமை மெல்ரோய் சப்பாத்து மாட்டிக்கொண்டே சொன்னார்:

"இண்டைக்கு உவர்மலைப் பக்கம். உன்ர போர்மன்ர ஒழுங்கையிலயும் மரம் விழுந்து லைன் அறுந்து கிடக்காம்."

"அந்தாளுக்குக் கடைசியாக் குடுங்கோ" எண்டன் நான். "இருட்டுக்க கிடந்து ஆம்பிளை வயர்மனைத் தேடட்டும்."

சிரிச்சுக்கொண்டு போனார். கையுறையை இடுப்புப் பட்டியில செருகினபடி போறதைக் கண்டு, "கையில போடுறதுக்குத்தான் அதுக்குக் கையுறை எண்டு பேர்" எண்டு பின்னால கத்தினன். அது எங்கட வீட்டில நாளாந்தம் நடக்கிற சண்டை. வியர்க்குது, பிடி வழுக்குது எண்டுவார். லைன் செத்துக் கிடக்கேக்க கையுறை என்னத்துக்கு எண்டுவார்.

நான் வேலைக்குச் சல்லி ஊருக்குப் போனன். மாரியம்மன் கோயிலுக்குக் கிட்ட கஜந்தி எண்ட பிள்ளையின்ர வீடு, வெள்ளம் ஏறி அடிமட்டத்துப் பிளக் எல்லாம் மண். ஒவ்வொண்டாக் கழட்டித் துடைச்சுக்கொண்டிருக்கிறன். பத்துப் பத்தரை இருக்கும். கஜந்தி பின்வளவிலயிருந்து ஒரு சின்ன ஜெனரேற்றரை உருட்டிக்கொண்டு வந்தா.

"அக்கா, நீங்கள் முடிச்ச மற்ற அறையில கொஞ்ச நேரம் கரண்ட் குடுத்து, தண்ணி மோட்டரைப் போடட்டோ? பயப்பிடாதேங்கோ, மெயினை ஓவ் பண்ணிப்போட்டுத்தான்."

கையில ஒரு வயர். ரெண்டு நுனியிலயும் பிளக்.

அது கடையில விக்கிற சாமான் இல்லை, வீட்டில செய்யிறது. எங்கட ஊரில ஜெனரேற்றர் வைச்சிருக்கிற வீடுகளில பாதியில அது ஒண்டு கிடக்கும். ஒரு பிளக்கை ஜெனரேற்றரில குத்திறது, மற்றதைச் சுவரில இருக்கிற பிளக் பொயின்ற்றில குத்திறது. கரண்ட் தலைகீழா ஏறி வீடு முழுக்கப் போம். மெயின் சுவிச்சை ஓவ் பண்ணினாத்தான் அது வீட்டோட நிக்கும். ஓவ் பண்ண மறந்தா மீற்றரைத் தாண்டி வெளியில போய், றோட்டு லைனில ஏறிக்கொண்டு நிக்கும். இதைத் தூக்கிக் கிணத்துக்குள்ள போடுங்கோ எண்டு நூறு வீட்டில கத்தியிருக்கிறன்.

கஜந்திக்கும் கத்தத்தான் வாயைத் திறந்தன். திறந்த வாய் திறந்தபடியே நிண்டுபோச்சு.

சேர்ட கராஜ். பிறீசருக்கு மேல, சுவரில ஒரு ஆணி. அதில மஞ்சள் வயர் ஒண்டு வளையமாச் சுத்தித் தொங்கினது. ரெண்டு நுனியிலயும் பிளக். ஓட்டை போட இடைஞ்சலா இருக்கெண்டு நான்தான் அதைக் கழட்டி வைச்சு, வேலை முடியத் திருப்பி நானே கொழுவினனான்.

என்ர மாதாவே.

மூண்டு நாளாக் கரண்ட் இல்லை. ரெண்டு பிறீசர் நிறைய அன்ரியின்ர சாமான். அந்த வயர் இருந்தா ஜெனரேற்றரும் இருக்கும். சேர் ஜெனரேற்றரைக் கராஜுக்குள்ளதான் வைப்பார், நான் போட்ட புதுப் பிளக்கிலதான் குத்துவார். குத்த முதல் வீட்டு மெயினை ஓவ் பண்ணுவார். ஓம், கட்டாயம் பண்ணுவார், போர்மன் எல்லோ. ஆனா அந்தக் கராஜ் வீட்டு மெயினில இல்லை! கதவுக்குப் பின்னால இருக்கிறதும் ஒரு மெயின் எண்டு அவருக்கு ஆர் சொன்னது? நான் சொன்னனானோ? நான் கேற்றை அடிச்சுச் சாத்திப்போட்டு வந்தனான். அந்தச் சுவிச்சை ஓன்ல விட்டுப்போட்டு வந்தனான்.

என்ர பிளக்கால ஏறி, என்ர சுவிச்சால போய், போஸ்ற்றில நிக்கிற என்ர மனுசன்ர கைக்கு.

போனை எடுத்து மெல்ரோய்க்கு அடிச்சன். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப அடிச்சன். சிக்னல் ஒரு கோடு வந்து உடன போயிட்டுது. அன்ரியின்ர நம்பருக்கு அடிச்சன், அதுவும் இல்லை. "அந்த மெசினைப் போடாதை, இதையும் தொடாதை!" எண்டு கஜந்தியைப் பார்த்துக் கத்திப்போட்டு, சாமானெல்லாம் அங்கினையே கிடக்க ஸ்கூட்டியில ஏறினன்.

ஓடிக்கொண்டே மனசுக்குள்ள கணக்குப் பார்க்கிறன். மெல்ரோய் பதினாலு வருசம் வேலை செய்தவர், லைனைச் சோதிக்காமல் தொடமாட்டார். சரி. ஆனா சோதிச்சது சேர் ஜெனரேற்றரைப் போட முதல் எண்டா? லைன் முழுசா இருந்தா ஊரையே இழுக்க ஏலாமல் அந்தச் சின்ன மெசின் மூச்சுத் திணறி நிண்டிடும். ஆனா லைன் அறுந்தெல்லோ கிடக்கு. ஒழுங்கையின்ர கடைசித் துண்டில சேர்ட வீடும் வெளிநாட்டுக்குப் போன ஆக்களின்ர பூட்டின வீடும்தான். மெசினுக்கு ஒரு பாரமும் இல்லை, குசாலா ஓடும். பட்டியில செருகின கையுறை கண்ணுக்கு முன்னால வந்து வந்து போகுது.

சாம்பல்தீவுப் பாலம் தாண்டி றோட்டை மறிச்சு ஒரு சனம். புயலுக்கு ஏறின வள்ளம் ஒண்டைக் கயிறு போட்டுக் கடலுக்கு இழுக்கினம். றோட்டுக்குக் குறுக்க கயிறு நெஞ்சளவு உயரத்தில விறைச்சு நிக்குது.

"அஞ்சு நிமிசம் அக்கா, இந்தா முடிஞ்சுது" எண்டான் ஒரு பொடியன்.

"அஞ்சு நிமிசத்தில என்ர மனுசன் செத்துப்போவாரடா!"

நான் கத்தின கத்தில இழுத்துக்கொண்டு நிண்டவை அப்படியே கயிறை விட்டிட்டினம். வள்ளம் ஒரு பக்கம் சரிஞ்சுது. ஆரோ ஏசினது கேட்டது. நிலத்தில கிடந்த கயிறுக்கு மேலால ஏத்திக்கொண்டு போனன், திரும்பியும் பார்க்கேல்லை.

உப்புவெளி எப்ப போனது, ரவுண் எப்ப வந்தது எண்டு எனக்குத் தெரியாது. அருள் நிறைந்த மரியே எண்டு தொடங்குறன், பாதியில சேரைத் திட்டுறன், பிறகு என்னையே திட்டுறன், திரும்ப முதலிலயிருந்து தொடங்குறன். மூதேவி, ஒரு மாக்கர் பேனை எடுக்க எவ்வளவு நேரமடி உனக்கு? ரெண்டு சொல்லுச் சொன்னா வாயில முத்தோ உதிர்ந்திருக்கும்? உவர்மலை ஏத்தத்தில ஸ்கூட்டி இழுக்குதில்லை. ஒரு பக்கம் கீழ துறைமுகத்தில கப்பல் ஒண்டு ஆடாமல் நிக்குது, எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலா இருந்தது.

ஒழுங்கைத் தலைப்பிலயே சத்தம் கேட்டிட்டுது. ஜெனரேற்றர். ஒரே சீரா, சந்தோசமா இரைஞ்சுகொண்டு நிக்குது.

ஒழுங்கைக்குள்ள பாதி தூரத்தில வெட்டின மரம் குறுக்க கிடக்கு. ஸ்கூட்டியை அங்கையே போட்டுப்போட்டு ஏறிக் குதிச்சு ஓடினன். சேர் வீட்டு மதிலடியில கடைசிப் போஸ்ற். ஏணி சாத்தியிருக்கு. கீழ என்ர மனுசனோட வேலை செய்யிற பிரகலாதன் ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். மேல மெல்ரோய். உயிரோட. ஒரு கை போஸ்ற்றைப் பிடிச்சிருக்கு, மற்றக் கையில குறடு. தரையிலயிருந்து ஏத்தின லைன் நுனி அவற்ற தோளில தொங்குது. போஸ்ற்றில இருக்கிற மற்ற நுனி முகத்துக்கு நேர, ஒரு முழமும் வராது.

கையில கையுறை இல்லை.

"தொடாதேங்கோ! மெல்ரோய்! தொடாதேங்கோ!"

ஜெனரேற்றர் இரைச்சலில என்ர சத்தம் எனக்கே கேட்கேல்லை. அவர் என்னைக் கண்டார். கண்டு, குறடோட கையை உயர்த்திக் காட்டினார். சாப்பாடு கொண்டு வாறன் எண்டு நினைச்சாராம், பிறகு சொன்னார். காட்டிப்போட்டு லைன் பக்கம் திரும்பினார்.

ஏணியடிக்கு ஓடுறதோ, ஜெனரேற்றருக்கு ஓடுறதோ? ஏணியடிக்குப் போய் நான் சொல்லி அவருக்கு விளங்க முதல் கை போயிடும். கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்குப் பாய்ஞ்சன்.

சேர் முற்றத்தில நிண்டார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு குறுக்க வந்தார்.

"வாரும் பிள்ளை, வாரும். நானே வரவேணும் எண்டு இருந்தனான். அண்டைக்கு நான் கதைச்ச கதை பிழை பிள்ளை. அன்ரியும் என்னை ஏசினவ..."

என்ர கையைப் பிடிச்சிட்டார். மன்னிப்புக் கேக்கிறார்! மூண்டு கிழமையா அந்த ஒரு சொல்லுக்காக மனசுக்குள்ள சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்தவள் நான். இப்ப அவர் சொல்லுறார், நான் அவற்ற நெஞ்சில கை வைச்சுத் தள்ளினன். பூச்சாடிக்கு மேல விழுந்தார். அன்ரி குசினி வாசலில நிண்டு "ஐயோ!" எண்டு கத்தினா. நான் கராஜுக்குள்ள போய் ஜெனரேற்றரின்ர சுவிச்சைத் திருகினன்.

மெசின் ரெண்டு தரம் இருமிப்போட்டு நிண்டுது.

அந்த அமைதியில நான் வெளியில வரப் பயந்துகொண்டு நிண்டன். போஸ்ற்றடியில என்ன கிடக்குமோ எண்டு. பிறகு மதிலுக்கு மேலால சத்தம் வந்தது:

"என்ன மலர், ஏன் இந்த ஓட்டம்?"

"இறங்குங்கோ! கீழ இறங்குங்கோ!"

இறங்கி வந்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒண்டா வந்திட்டுது. ஒழுங்கை எண்டும் பார்க்கேல்லை, பிரகலாதன் நிக்கிறான் எண்டும் பார்க்கேல்லை, அவற்ற நெஞ்சில ரெண்டு கையாலயும் குத்தினன். "உங்களுக்கு மூளை இருக்கோ? பதினாலு வருசம் என்னத்தைச் செய்தனீங்கள்? பக்கத்து வீட்டில ஜெனரேற்றர் ஓடுது, காது கேட்கேல்லையோ? கையுறை எங்கை? பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

மெல்ரோய் என்ர கையைப் பிடிச்சார். சத்தம் போடேல்லை.

"கேட்டது மலர். நான் ஏற முதல் லைனைச் சோதிச்சனான், செத்துத்தான் கிடந்தது. பிறகு சேர் மெசினைப் போட்டார். உடன நான் உள்ளுக்குப் போய்க் கேட்டனான். வீட்டு மெயினைக் கொண்டுபோய்க் காட்டினார். ஓவ்லதான் இருந்தது. ஆரும் தொடக்கூடாதெண்டு நூலால கட்டியும் வைச்சிருக்கிறார். திரும்ப ஒருக்காச் சோதிப்பம் எண்டுதான் நினைச்சனான். அப்ப சேர் சொன்னார், இது அருள்மலர்ப் பிள்ளை செய்த வயரிங் தம்பி, ஒரு பிழையும் இராது எண்டு."

என்ர கையை விட்டுப்போட்டு, "உன்ர வேலை எண்டதால சோதிக்கேல்லை" எண்டார்.

நான் திரும்பி அந்தக் கராஜ் கதவைப் பார்த்தன். சேர் முழங்கையில ரத்தத்தோட கேற்றடிக்கு வந்து நிக்கிறார், ஏன் தள்ளினனான் எண்டு விளங்காமல். பிரகலாதன் என்னைப் பார்க்கிறான். நான் ஒண்டும் சொல்லாமல் விட்டா ஆருக்கும் தெரியப்போறதில்லை. மனுசி பயந்து ஓடி வந்தா, அவ்வளவுதான். அந்த எண்ணமும் வந்தது, பொய் சொல்ல மாட்டன்.

"கராஜ் வீட்டு மெயினில இல்லை" எண்டன். "அதுக்கு வேற சுவிச். கதவுக்குப் பின்னால. ஓன்ல கிடக்கு. நான் சேருக்குச் சொல்லேல்லை. கோவத்தில சொல்லாமல் போனனான்."

மெல்ரோய் இடுப்பிலயிருந்து கையுறையை எடுத்து ரெண்டு கையிலயும் மாட்டினார். நீட்டுத் தடி டெஸ்டரை எடுத்தார். "சேர், மெசினைப் போடுங்கோ" எண்டார். நான் வேண்டாம் எண்டன். "போடுங்கோ சேர்" எண்டு திரும்பவும் சொன்னார். மெசின் இரைஞ்சுது. ஏணியில நாலு படி ஏறி, தடியை நீட்டி, முகத்துக்கு நேர இருந்த அந்த நுனியில வைச்சார்.

டெஸ்டர் சிவப்பா எரிஞ்சுது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு குனிஞ்சு என்னைப் பார்த்தார். இறங்கி வந்து வெட்டின மரத்தில இருந்தார். பிரகலாதன் தண்ணிப் போத்தலைக் குடுக்க, வாங்கி மடியில வைச்சுக்கொண்டு இருந்தார், குடிக்கேல்லை. சேர் போய் மெசினை நிப்பாட்டிப்போட்டு வந்து, என்ர முகத்தையும் பார்க்காமல் அவற்ற முகத்தையும் பார்க்காமல் மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

நான் சேரைக் கராஜுக்குள்ள கூட்டிக்கொண்டு போனன். அவற்ற கையாலயே அந்தச் சுவிச்சை ஓவ் பண்ண வைச்சன், ஓன் பண்ண வைச்சன், திரும்ப ஓவ் பண்ண வைச்சன். என்ர பை சல்லியில கிடந்ததால அன்ரியிட்ட மாக்கர் பேனை வாங்கி, "இது கராஜ் மெயின்" எண்டு கோணல் மாணலா எழுதினன். மஞ்சள் வயரைக் குறட்டால நாலு துண்டா வெட்டினன். பிறீசர் வயர் ரெண்டையும் ஜெனரேற்றரில நேராக் குத்திவிட்டன். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தா, குடிச்சன். "உங்களைத் தள்ளினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்" எண்டன். "தள்ளினது நல்லது பிள்ளை" எண்டார்.

மெல்ரோய் அதுக்காக என்னை ஏசினதே இல்லை. ஏசியிருந்தா நானும் ரெண்டு ஏசி, அதோட முடிஞ்சிருக்கும். இப்ப கையுறை போடாமல் ஏணியில கால் வைக்கிறேல்லை எண்டு பிரகலாதன் சொல்லுறான். என்ர வேலையைப் பற்றிப் பகிடி விடுறதையும் விட்டிட்டார். ஒவ்வொரு நாளும் நான் வேலையால வந்து பையைக் கதிரையில வைக்கேக்க மட்டும் ஒரு கேள்வி கேட்பார். வேலை முடிஞ்சுதோ எண்டு இல்லை, களைப்போ எண்டும் இல்லை.

"சொல்லிப்போட்டு வந்தனியோ?"

"ஓம்" எண்டுவன்.